முன் சீற்றில் பெல்ற் போடாத ஆள்

இந்தக் கதையில் ஒரேயொரு பொய்தான் இருக்கிறது. அது கார் இன்சூரன்ஸ். மற்றதெல்லாம் நடந்தது.

நம்பாதவர்கள் ராகுலனிடமே கேட்கலாம். பள்ளிக்கூட நாட்களில் காலை வேளையில் ஸ்காபரோவில் ஒரு தெருவோரம் நிற்பான். தெருவின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டு விலை விழுந்துவிடும் என்று கோபிப்பார்கள். பேய்க்குப் பயப்படாத ஆட்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. வீட்டு விலைக்குப் பயப்படாத ஆள் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம்.

ராகுலனுக்கு அப்போது இருபத்தொரு வயது. டோர்செட் பார்க் பகுதியில் தாய் தகப்பனோடு ஒரு அப்பார்ட்மென்ற். பின்னேரத்தில் கொலிஜ். காலையில் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வேலைக்குப் போகக் கார் வேண்டும். இருபத்தொரு வயதுப் பெடியனுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விசாரித்தார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கலாம். எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதையே அவர்களும் செய்தார்கள். குடும்பத்தில் யாருடைய கை சுத்தமான கை என்று தேடினார்கள். ஜெயமலர் அன்ரியின் கை அகப்பட்டது. நீலக் கொரோலா அன்ரியின் பெயரில் பதிவானது. காகிதத்தில் அதை ஓட்டுகிறவர் அன்ரி. தெருவில் ஓட்டுகிறவன் ராகுலன்.

ஜெயமலர் அன்ரி ராகுலனின் தாய்க்குத் தங்கச்சி. அவருடைய கை சுத்தமாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அன்ரி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மஞ்சள் பஸ். பதினாறு வருடம் ஓட்டியும் ஒரு அபராத டிக்கட் வாங்கியதில்லை.

அந்தக் குடும்பத்தில் யாருடைய பிறந்தநாள் என்றாலும், கேக் வெட்டுவதற்கு முன் அன்ரியின் பிரசங்கம் நடக்கும்.

“ஸ்கூல் பஸ்ஸில மஞ்சள் லைற் மினுங்கினா மெல்லமா வா. சிவப்பு மினுங்கினா நில். பின்னால வாறவனும் நிக்கவேணும், எதிர்ப்பக்கம் வாறவனும் நிக்கவேணும். நடுவில கட்டுச் சுவர் இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்தான் போகலாம். வெறும் கோடு சுவர் இல்லை. விளங்கிச்சோ?”

“ஓம் அன்ரி.”

“சிவப்பு அணையுமட்டும் அசையக் கூடாது.”

“ஓம், ஓம் அன்ரி. கேக்கை வெட்டுவம்.”

ஆகவே ராகுலனுக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவனும் சொல்வதில்லை. அதுதான் அவனுக்கு வயிற்றில் கல் மாதிரிக் கிடப்பது.

அது ஜனவரி. முதல் நாள் இரவிலிருந்தே பனி கொட்டியது. விடிந்தும் விடியாத நேரம். ராகுலன் வேலைக்குப் பிந்திவிட்டான். பெருந்தெருவில் கார்கள் இறுகிப்போய்க் கிடந்ததால் உள்தெரு ஒன்றால் வெட்டிப் போனான். ஒரு பக்கம் பழைய வீடுகளின் பின்வேலி. மற்றப் பக்கம் வெறுங்காணி. காணியைச் சுற்றிப் பலகை அடைத்து, அதில் இனிமேல் கட்டப்போகும் வீடுகளின் படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. தெருவில் வேறு ஒருவரும் இல்லை.

எதிரே, பனிக்குள், இரண்டு சிவப்பு வெளிச்சம்.

ஒன்று அணைய மற்றது எரிந்தது. மஞ்சள் பஸ் ஒன்று அவனைப் பார்த்தபடி நின்றது. பக்கவாட்டில் கார்களை நிற்கச் சொல்லும் தடைப் பலகை நீட்டியிருந்தது. நடுவில் சுவர் இல்லை. வெறும் கோடு, அதுவும் பனிக்குக் கீழே.

ராகுலன் நின்றான். அதைச் சொல்ல வேண்டும். முதலில் நின்றான்.

இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு பிள்ளையும் இல்லை. பஸ் யன்னல்கள் உள்ளே வெள்ளையாய் உறைந்திருந்தன. சாரதியின் முகம் தெரியவில்லை. பஸ் கதவு திறந்திருந்தது. ஒருவரும் ஏறவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. வெளிச்சம் மட்டும் மாறி மாறி எரிந்தது.

வானொலியில் ஒரு பாட்டுப் போய் முடிந்தது.

ஒருத்தரும் இல்லைத்தானே என்று நினைத்தான்.

போனான். மெல்லமாகத்தான் போனான். இதை அவன் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்கிறான். மெல்லமாகத்தான் போனேன் என்று.

ஒன்றும் இடிபடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. பஸ்ஸைக் கடந்து முடித்தான்.

டிங்.

டிங்... டிங்... டிங்...

முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்துச் சீற்றில் இருக்கும் ஆள் பெல்ற் போடவில்லை என்றது கார். அந்தச் சீற்றில் அரிசி மூட்டையை வைத்தாலும் கார் அப்படித்தான் கத்தும். ராகுலன் திரும்பிப் பார்த்தான்.

அரிசி மூட்டை இல்லை. ஒன்றுமே இல்லை.

பின்கண்ணாடியைப் பார்த்தான். பனி மட்டும். பஸ் இல்லை. அது போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அந்தப் பனியில் அவ்வளவு பெரிய பஸ் எப்படி அவ்வளவு கெதியாகப் போனது என்று அவன் யோசித்தது, மிசிசாகாவில் இறங்கிய பிறகு.

அன்று முழுக்க அவனை அரித்தது வேறு கவலை. பள்ளிக்கூட பஸ்களில் இப்போது கமரா பூட்டியிருக்கிறார்கள். கமரா பிடிப்பது கார் இலக்கத் தகட்டை. டிக்கட் போவது கார்ச் சொந்தக்காரருக்கு. கார்ச் சொந்தக்காரர் ஜெயமலர் அன்ரி. நிற்கிற பள்ளிக்கூட பஸ்ஸைக் கடந்ததற்காக ஒரு பள்ளிக்கூட பஸ் சாரதிக்கு டிக்கட்! வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். அதை யோசிக்கச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ராகுலன் அன்ரி வீட்டுக்குப் போனான். கடிதப் பெட்டியைத் திறந்து, தானே கடிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“என்னடா, திடீரெண்டு பாசம் பொங்குது?” என்றார் அன்ரி. “ஆரையும் லவ் பண்ணுறியோ? அம்மாவுக்குச் சொல்லப் பயமோ?”

“சும்மா அன்ரி. உங்களைப் பாப்பம் எண்டு.”

“என்னைப் பாக்க ஒருத்தரும் சும்மா வாறேல்லை. இருந்து புட்டுச் சாப்பிடு.”

அந்தப் புட்டு அவனுக்கு இறங்கவில்லை. டிக்கட்டும் வரவில்லை.

வந்தது அந்தச் சத்தம்தான்.

காலையில் காரை எடுத்தால் டிங் டிங். பின்னேரம் எடுத்தால் ஒன்றும் இல்லை. சனி ஞாயிறில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலும் இல்லாமல் இருந்தது. திருந்திவிட்டது என்று சந்தோசப்பட்டான். பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை.

ஜூலியஸ் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். ஜூலியஸ் சீற்றைக் கழற்றிப் பார்த்தார். வயரைப் பார்த்தார். கையைத் துடைத்தார்.

“எல்லாம் சரியாத்தான் கிடக்கு, தம்பி. ஆள் இருக்கெண்டு கார் சொல்லுது. ஆளைத்தான் காணேல்லை.”

ராகுலன் யோசித்தான். ஆளில்லாத சீற்றுக்குத் தானே பெல்ற்றை இழுத்துப் போட்டுவிட்டான். சத்தம் நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

சத்தம் நின்ற பிறகுதான் மற்றவை கேட்டன.

ஒரு நாள், வானொலியைப் போடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம். குளிருக்குள் நிற்கிற சின்னப் பிள்ளைகள் உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம். ஒருதரம். பிறகு கொஞ்ச நேரம் கழித்து இன்னொருதரம்.

இன்னொரு நாள் பக்கத்துக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம், உள்ளே, ஒரு சின்ன வட்டம் பனிப்புகார் பிடித்திருந்தது. மூச்சு விட்டால் பிடிக்குமே, அப்படி. வளர்ந்த ஆளின் வாய் அந்த உயரத்தில் இராது.

பெல்ற் சீற்றோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. சீற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது... எதையோ சுற்றி.

பெப்ரவரியில் ஒரு காலை. அவனுக்கு முன்னால் போன ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது. சிவப்பு மினுங்கியது. ராகுலன் நின்றான். ஐந்து கார் நீளம் தள்ளி, பரீட்சைக்கு நிற்பது போல நின்றான். முன்னால் பிள்ளைகள் ஏறினார்கள்.

டக்.

பக்கத்துக் கதவின் பிடி.

டக்... டக்...

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். கதவு பூட்டியிருந்தது. அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. திறந்துவிடவும் தைரியம் இல்லை. 

பஸ் போய்விட்டது.

பிடி அசையாமல் நின்றது.

மூக்கு உறிஞ்சும் சத்தம்... இந்த முறை வேறு மாதிரி. அழுதுவிட்டு உறிஞ்சுவது மாதிரி.

அன்று பின்னேரம் ராகுலன் அன்ரி வீட்டு அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அன்ரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸைக் கடந்த இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“நீயோ?”

“ஓம்.”

“என்ர பேரில இருக்கிற காரில?”

“ஓம் அன்ரி. சொறி அன்ரி.”

“என்ன நாள்?”

“பெரிய ஸ்னோ கொட்டிச்சுதே, அண்டைக்கு. காலமை.”

அன்ரியின் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

“அண்டைக்கு இந்தச் சிற்றியில ஒரு ஸ்கூல் பஸ்ஸும் ஓடேல்லையடா. ஸ்னோவுக்காக விடியமுன்னமே கான்சல் பண்ணிப்போட்டாங்கள். நான் போத்திக்கொண்டு படுத்திருந்தனான்.”

“நான் கண்டனான் அன்ரி. லைற் மினுங்கினது.”

“அந்த றோட்டில பஸ் ஸ்ரொப்பே இல்லை. வெறுங்காணிக்கு முன்னால ஆர் பஸ்ஸை நிப்பாட்டுறது?”

ராகுலனுக்கு முதலில் பயம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. பஸ்ஸே இல்லையென்றால் கமராவும் இல்லை. டிக்கட் வராது. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அன்ரி கண்டுவிட்டார்.

“இவ்வளவு நாளும் கடிதப் பெட்டிக்குத்தான் காவல் காத்தனியோ?”

அவன் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினான்.

“டிக்கட் வருமோ எண்டு யோசிச்சனி. அதில ஒரு பிள்ளை நிண்டுதோ எண்டு யோசிக்கேல்லை.”

“ஒருத்தரும் நிக்கேல்லை அன்ரி. வடிவாப் பாத்தனான்.”

“பஸ்ஸுக்கு முன்னால குறுக்க நடக்கிற பிள்ளை, மேல இருக்கிற எனக்கே தெரியாது. அதுக்குத்தான் பஸ் முன்னுக்குக் கம்பி நீட்டுறது. உனக்கு எப்பிடியடா தெரியும்?”

வெங்காயம் முடிந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும் என்றார் அன்ரி. காரடிக்கு வந்து முன்கதவைத் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு கதவை மூடிவிட்டுப் பின்னால் ஏறினார்.

“ஏன் அன்ரி?”

“தெரியேல்லை. பின்னேரமெண்டாலும் முன்னுக்கு ஆள் இருக்கிற மாதிரிக் கிடக்கு. நீ காரை எடு.”

அதற்குப் பிறகு ராகுலன் தேடினான். அந்தத் தெருவில் செத்த பிள்ளை யார் என்று தேடினான். பேய் என்றால் யாராவது முதலில் செத்திருக்க வேண்டும். அதுதானே ஒழுங்கு? கொலிஜ் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்த்தான். பின்வேலிக்காரர்களிடம் போய்க் கேட்டான். ஒரு கிழவர் அவனை வீடு விற்கும் ஏஜென்ற் என்று நினைத்துத் துரத்தினார். விடை ஒன்றுதான். அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் செத்ததில்லை. ஒருபோதும் இல்லை.

அதைக் கேட்டு அவன் சந்தோசப்பட்டான். அப்போது.

யூன் மாதம் காரை விற்றான். வாங்கியவர் டெனிஸ்டன். களஞ்சியத்தில் கூட வேலை செய்தவர், மிசிசாகாக்காரர், நல்ல மனிசன். சீற் ஏன் கத்துகிறது என்று கேட்டார்.

“சென்சர் பிழை அண்ணை. பெல்ற்றைப் போட்டுவிட்டால் கத்தாது.”

ஒரேயொரு பொய் என்று தொடக்கத்தில் சொன்னது சரியில்லை. இரண்டு. இது இரண்டாவது.

கார் கொடுப்பதற்கு முதல் நாள் உள்ளே கழுவித் துடைத்தான். நல்ல வெயில். முன் சீற்றுக்குக் கீழே கை விட்டான். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுத்தான்.

சின்னக் கையுறை. கம்பளி. ஐந்து வயதுக் கைக்கு அளவானது. ஊதா நிறம். பெருவிரலுக்கு மட்டும் பச்சை நூல்.

நனைந்திருந்தது.

அதில் ஒட்டியிருந்த பனித்துகள்... யூன் மாத வெயிலில்... இன்னும் கரையவில்லை.

அதைக் குப்பையில் போட அவனால் முடியவில்லை. அன்ரியிடம் கொடுத்தான். அன்ரி ஒன்றும் கேட்காமல் வாங்கி, தன் பஸ்ஸில் பிள்ளைகள் தவறவிடும் சாமான் போடும் பெட்டிக்குள் வைத்தார்.

“பிள்ளையின்ர சாமான். பிள்ளை ஒரு நாளைக்குக் கேட்டு வரும்,” என்றார்.

கார் போனது. சத்தமும் போனது. ராகுலன் மிசிசாகா வேலையை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சேர்ந்தான். நித்திரை வந்தது. புட்டும் இறங்கியது.

செப்ரெம்பரில் அன்ரி போன் எடுத்தார்.

“அந்தக் காணியில வீடு கட்டிச் சனம் வந்திட்டுது. எனக்கு அதில புதுசா ஒரு ஸ்ரொப் தந்திருக்கினம்.”

“எந்த இடத்தில?”

“நீ சொன்ன அதே இடத்தில.”

அந்த இடத்தில் ஏறுவது ஒரே பிள்ளை. பெயர் றுமைஸா. ஐந்து வயது. தாய் ஜலீலா. நம்மூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள், நல்ல கலகலப்பு. வீடு ஒரு பக்கம், பஸ் நிற்பது மறுபக்கம். பிள்ளை தெருவைக் கடந்துதான் ஏற வேண்டும். பக்கத்தை மாற்றித் தரச்சொல்லி அன்ரி தன் ஒவ்வீசில் கேட்டார். பார்த்துத்தான் போட்டது, பாதுகாப்பான இடம் என்றார்கள். இதுவரை அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள்.

அது உண்மைதான்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. அன்று அன்ரி திரும்பவும் போன் எடுத்தார்.

“அந்தப் பிள்ளை இண்டைக்குக் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்துது, ராகுல்.”

“என்ன நிறம் அன்ரி?”

“ஊதா. பெருவிரல் பச்சை.”

ஜலீலா பிள்ளையை ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு சொன்னாராம்: “எப்பிடி அக்கா, வடிவா? நானே பின்னினது. ராத்திரித்தான் முடிச்சன். நூல் முடிஞ்சி போச்சி, அதான் விரலுக்குப் பச்சை.”

அன்ரி தன் பெட்டியைத் திறந்து காட்டவில்லை. எப்படிக் காட்டுவது? பிள்ளையின் இரண்டு கையிலும் இரண்டு கையுறை. பெட்டிக்குள் மூன்றாவது. நேற்று இரவு பின்னி முடித்ததை, ராகுலன் யூன் மாதம் சீற்றுக்குக் கீழே கண்டெடுத்திருக்கிறான்.

அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் செத்ததில்லை.

இன்னும் செத்ததில்லை.

ராகுலன் போனைக் கீழே வைத்தான். இத்தனை இலட்சம் கார் ஓடுகிற ஊரில் அது ஏன் அந்தக் காரில் வந்து ஏறியது? அந்தக் கேள்விக்கு ஒரு விடைதான் இருந்தது: அந்தக் கார்தான் ஒரு நாள் அந்தப் பிள்ளையை இடிக்கப்போகிறது. அந்தக் காரை அவன் விற்றுவிட்டான். சென்சர் பிழை என்று சொல்லி.

உடனே டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, கார் எப்பிடி?”

“அருமையா ஓடுது, தம்பி. கோடையில சத்தமே இல்லை. செப்ரெம்பரில இருந்துதான் திரும்பக் கத்துது. பெல்ற்றைப் போட்டுவிட்டிட்டன்.”

ராகுலன் தெருவின் பெயரைச் சொன்னான். எந்தக் காரணம் கொண்டும் அந்தக் காரை அந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்றான். காரணமும் சொன்னான். முழுதாகச் சொன்னான். டெனிஸ்டன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தம்பி, எனக்கு அங்க என்ன வேலை? நான் மிசிசாகாவை விட்டு வெளிக்கிடுறதே நத்தார்ப் பண்டிகைக்குத்தான்.”

அது ஆறுதலாக இருந்தது. இரண்டு ஊருக்கும் இடையில் அவ்வளவு பெரிய பெருந்தெரு கிடக்கிறது. ராகுலன் அந்தத் தூரத்தை நம்பினான்.

ஜனவரியில் டெனிஸ்டனே போன் எடுத்தார். காலை நேரம். காரிலிருந்து பேசினார்.

“தம்பி, உமக்கு ஒரு நன்றி சொல்லவேணும். நீர் ஒரு றோட்டு சொன்னீரே, புது வீடுகள் எண்டு? சும்மா விளம்பரம் பாத்தன். வாடகைக்கு ஒண்டு கிடந்துது. மனிசிக்கும் ஸ்காபரோவில வேலை கிடைச்சிட்டுது. வாற திங்கள் தொடக்கம் நாங்கள் அங்கதான்.”

ராகுலன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“தம்பி? இருக்கிறீரோ?”

“அண்ணை... காலமையில அதில ஸ்கூல் பஸ் நிக்கும்.”

“நிக்கட்டுமே. பின்னால வந்தால் நான் எப்பவும் நிப்பன்.”

“எதிர்ப்பக்கம் வந்தால்?”

டெனிஸ்டன் கொஞ்சம் யோசித்தார்.

“எதிர்ப்பக்கம் வாறவைக்கு நிக்கத் தேவையில்லைத்தானே?”

மிசிசாகாவில் அவர் ஓடிய பெரிய தெருக்களில் நடுவே கட்டு இருந்திருக்கும். அங்கே அது சரி. ராகுலன் முழுச் சட்டத்தையும் சொன்னான். அன்ரியின் வார்த்தைகளிலேயே சொன்னான். கோடு சுவர் இல்லை என்றான். சிவப்பு அணையும்வரை அசையக் கூடாது என்றான்.

“ஓம், ஓம் தம்பி,” என்றார் டெனிஸ்டன். “ஒருத்தரும் இல்லாட்டி மெல்லமாப் போகலாம்தானே?”

அந்த ‘ஓம் ஓம்’ ராகுலனுக்கு நன்றாகத் தெரிந்த ஓம். எத்தனையோ கேக்குகளுக்கு முன்னால் அவன் சொன்ன ஓம்.

“அண்ணை, பக்கத்தில ஆர்?”

“ஒருத்தரும் இல்லை. நான் தனிய.”

போனுக்குள் யாரோ மூக்கு உறிஞ்சினார்கள்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ராகுலன் அந்த இடத்தில் நிற்கிறான். பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சம் மினுங்கத் தொடங்கியதும் தெருவின் நடுவுக்கு வந்துவிடுவான். கையை உயர்த்துவான். நீலக் கொரோலா எதிர்ப்பக்கமாக வரும். அவனுக்கு முன்னால் வந்து நிற்கும். முதல் நாள் டெனிஸ்டன் ஹோர்ன் அடித்தார். இரண்டாம் நாள் கண்ணாடியை இறக்கி, “விசரோ உமக்கு?” என்று ஏசினார். இப்போது ஏசுவதில்லை. நிற்கிறார். றுமைஸா தெருவைக் கடப்பாள். பஸ் படியில் ஏறுவாள். அன்ரி மேலேயிருந்து ராகுலனைப் பார்ப்பார். சிவப்பு அணையும். ராகுலன் விலகுவான். டெனிஸ்டன் போவார்.

பக்கத்துச் சீற்றில் பெல்ற் போட்டபடியே இருக்கும். சீற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி.

படியில் ஏறுவதற்கு முன் றுமைஸா திரும்பிக் கையாட்டுவாள். ஊதாக் கையுறை. தினமும் ஆட்டுவாள். ராகுலனும் கையாட்டுவான். குற்ற உணர்ச்சியோடு விடிகிற நாளில் அவனுக்கு அந்த ஒரு நொடிதான் கொஞ்சம் இளைப்பாறல்.

போன கிழமை ஜலீலா அவனிடம் வந்தார்.

“தம்பி, நீங்க ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறது பெரிய உதவி. மகளுக்கு உங்களத் தெரியுமான்னு கேட்டன். தெரியாதாம்.”

“நெடுக எனக்குக் கை காட்டுறவ, அக்கா.”

“அதத்தான் நானும் கேட்டன். உங்களுக்கு இல்லயாம்.” ஜலீலா சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. “அந்த நீலக் காருக்குள்ள முன்னுக்கு இருக்கிற புள்ளைக்காம்.”

ராகுலன் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான்.

“ஏன் மகள் அதுக்குக் கை காட்டுறன்னு கேட்டன். பாவம் உம்மா, அதுக்குக் குளிருதுன்னு சொல்றா...”

ஜலீலா தெருவைப் பார்த்தார்.

“அந்தப் புள்ளைட கையில என்ட மாதிரிக் கிளவுஸ் உம்மான்னு சொல்றா. ஆனா ஒண்டுதான் இருக்காம்.”